துருப்பிடிக்காத கூழாங்கற்கள்

இந்தியத் தரக்கட்டுப்பாட்டு வரலாற்றில், என் அப்பா 'ஓகே' சொல்லி அனுப்பிய எந்தச் சரக்கும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவர் மேல் ஒரு மீன் புகார் கொடுக்கத் துணிந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்கிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நீங்களும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மீன் ஒருக்களித்துப் படுத்திருந்தது. செவுள் வேகவேகமாக ஏறி இறங்கியது. அம்மா இட்லி அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா செல்போனைப் பிடித்துக்கொண்டு தொட்டியை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வேற தண்ணியில எடுத்துப் போட்ரலாம்ப்பா. செத்துரும்!"

"தொடாத ஹரிணி! கைய எடு. என்ன நெலமைல இருக்கோ அதே நெலமைல இருக்கணும். காரணம் கண்டுபிடிக்காம தண்ணிய மாத்துனா நாளைக்கும் இதே பிரச்சன வரும்."

"நாளைக்குப் பிரச்சன வரணும்னா மொதல்ல மீன் இருக்கணும்லா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்குத் தொழிற்சாலை அனுபவம் கிடையாது. அதனால்தான் இப்படியெல்லாம் பேசுகிறாள்.

அது எங்கள் மீனாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அது ராஜேஷ்குமார் சாருடைய மீன். ஓசூர் சிப்காட்டில் அப்பா தர மேலாளராக இருக்கிற உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அவர்தான் தலைவர். நெற்றியில் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி புடைப்புள்ள ஃப்ளவர்ஹார்ன் மீன். அந்தப் புடைப்பில்தான் அதிர்ஷ்டம் இருக்கிறது என்பது சாரின் துணைவியார் கண்டுபிடித்த உண்மை. மீன் வந்த பிறகுதான் ஆர்டர் கூடியதாம். இரண்டு ஷிஃப்ட் மூன்றானதும் அதனால்தானாம். மூன்றாவது ஷிஃப்டில் தூக்கம் கெட்டு வேலை பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய பங்கில்லை. சார் அந்த மீனுக்கு 'டார்கெட்' என்று பெயர் வைத்திருந்தார்.

சார் வீட்டில் டைல்ஸ் மாற்றும் வேலை நடந்தது. தூசு டார்கெட்டுக்கு ஆகாது என்று தொட்டியோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். "தங்கதுரை, குவாலிட்டின்னா உங்களத்தான் நம்புறேன்" என்றார். அந்த வாரம்தான் உதவிப் பொது மேலாளர் பதவிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் நல்லபடியாகத் திரும்பினால் அப்பாவுக்கு அந்தப் பதவி. திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க, வடக்கே எங்கோ கம்பெனி புதிதாக ஆரம்பித்த கிளைக்குப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் தமிழ்ப் பாடம் கிடையாது. நான் பதினொன்றாம் வகுப்பு.

சார் மீனை எடுத்துப்போக ஞாயிறு சாயங்காலம் வருவதாக இருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் கற்ற ஒழுங்கை வாசலிலேயே செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை எங்கள் அப்பா. உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும். அடுப்பில் 'அடுப்பு' என்று ஒட்டியிருக்கும். பூஜை அலமாரியில் சாமி படங்களைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் கோடு போட்டிருக்கும். பிள்ளையார் கோட்டை விட்டு நகர்ந்தால் யார் நகர்த்தினார்கள் என்று விசாரணை நடக்கும். மற்ற வீடுகளில் டிவி மாட்டுகிற சுவரில் எங்கள் வீட்டில் வெள்ளைப் பலகை இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் டார்கெட்டின் தொட்டி ஒரு பிளாஸ்டிக் கோட்டையோடும், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் செடியோடும் வந்தது.

"இயற்கைக்குத் திரும்புவோம்னு சார் ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு. அவரு மீன் பிளாஸ்டிக்ல இருக்கு. நாம என்ன பண்றோம்னா, தொட்டிய இயற்கையா மாத்தித் திருப்பிக் குடுக்கோம். பாத்து அசந்துபோயிரணும்" என்றார் அப்பா.

"அவரு மீனத்தான குடுத்தாரு? தொட்டிய மாத்தச் சொன்னாரா?" என்றாள் அம்மா.

"கேக்காததச் செய்றதுதான் ராஜி, கஸ்டமர் டிலைட்டு."

இயற்கைக்கு ஆர்டர் போனது. தொழிற்சாலையில் பாகங்களைக் கழுவும் வாஷிங் லைனுக்குச் சூப்பர்வைசரான முனிராஜ் அண்ணன் பேரிகைக்காரர். அவருடைய நிலத்தை ஒட்டி ஓடும் ஓடையிலிருந்து ஒரு மூட்டைக் கல் கொண்டுவந்தார். மாமனார் ஊரான நாகரசம்பட்டியிலிருந்து ஒரு மாங்கிளையும், காய்ந்து இறுகிய கொய்யா வேர் ஒன்றும் கொண்டுவந்தார்.

அப்பா செய்த சோதனைகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. மாங்கிளை பச்சை மரம்; தண்ணீரில் அழுகும்; தோப்பில் மருந்து அடித்திருப்பார்கள். நிராகரிப்பு. கற்களின் மேல் ஒவ்வொன்றாக வினிகர் விட்டார். வெள்ளைக் கல் ஒன்று சோடா மாதிரி பொங்கியது. அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடும். நிராகரிப்பு. இன்னொன்றில் செம்பழுப்பாக உலோகக் கீற்று ஓடியது. நிராகரிப்பு. கூர்முனை இருக்கிறதா என்று பார்க்க, அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவையைக் கல்லின் மேல் இழுத்தார். நூல் மாட்டினால் மீனின் தோலும் மாட்டும் என்று அர்த்தம். பல கற்களில் மாட்டியது. அது பழைய புடவை இல்லை என்பது மட்டும் பிறகுதான் தெரிந்தது.

கொய்யா வேரை இட்லி அண்டாவில் போட்டு வேகவைத்தார். டிகாக்‌ஷன் மாதிரி இறங்கியது. கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்தார். தண்ணீர் நிறம் மாறாமல் தெளியும் வரை விடவில்லை. கற்களைச் சோப்பே போடாமல் பிரஷ்ஷால் தேய்த்து வெந்நீரில் ஊறப்போட்டார். உலகத்தின் எந்த மீன் வளர்ப்பு நிபுணரும் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சாதாரண வீட்டில் நடந்த சாதாரணக் கதையாகப் போயிருக்கும்.

"வீட்ல கழுவுனது எல்லாம் ஒரு கழுவலா? எந்தத் தரத்துல கழுவுனோம்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றார் அப்பா.

"யாரு கேக்கப் போறா?"

"கேக்க மாட்டாங்கன்னு நெனச்சா அது தரமே இல்ல ராஜி."

கற்களும் வேரும் சனிக்கிழமை காலை கம்பெனியின் வாஷிங் லைனுக்குப் போயின. "வெறும் வெந்நி மட்டும்தான் முனிராஜ். கெமிக்கல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். "ஆகட்டுங்க சார், வெந்நித்தண்ணி மட்டுந்தான்" என்று முனிராஜ் அண்ணனும் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாயங்காலம் நீல டிரேயில் வந்து இறங்கின. கல்லுக்கு ஒரு பச்சை டேக், டேக்கில் 'ஓகே' முத்திரை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைதீபாவளி மாப்பிள்ளைகள் மாதிரி எல்லாம் மினுமினுத்தன.

"அப்பா, ஒரு மாதிரி வாசம் வருதுப்பா. நம்ம பைக்க சர்வீஸ் விட்டுட்டு வந்தா வருமே, அது மாதிரி."

"ஃபேக்டரிக்குள்ள போயிட்டு வந்த சாமான்ல வேற என்ன வாசம் வரும், மல்லிப்பூ வாசமா? ஓகே டேக் இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? வை."

அப்பா சோபாவில் உட்கார்ந்து படம் வரைந்த தாளைப் பார்த்து இடம் சொன்னார். நான் டேக்கை அவிழ்த்து ஒவ்வொரு கல்லாகத் தொட்டியில் வைத்தேன். "இன்னும் கொஞ்சம் எடது... ஆங், அங்கதான். வேரை சாச்சு வை." வைத்து முடித்துக் கையைக் கழுவினேன். வழுக்கல் போகவில்லை. தண்ணீருக்கு மேலே நீலமும் ஊதாவுமாக ஏதோ நெளிந்து ஓடியது.

"அப்பா, தண்ணி மேல கலர் கலரா ஓடுதுப்பா."

அப்பா எழுந்து வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அழகாத்தான இருக்கு? இதான் இயற்கையோட சிறப்பு" என்றார்.

இப்படித்தான் ஞாயிறு விடிந்தது.

அப்பா போன் போட்டதும் முனிராஜ் அண்ணன் பேரிகையிலிருந்து பைக்கில் பறந்து வந்தார். வந்தவருக்கு நாற்காலி போடப்பட்டது. வெள்ளைப் பலகை துடைக்கப்பட்டது. அப்பா கட்டம் போட்டு, 'ஏன் – ஏன் ஆய்வு' என்று தலைப்பு எழுதி அடிக்கோடு இழுத்தார். இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த முறை. எந்தப் பிரச்சினையானாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் மூல காரணம் தானாக வெளியே வந்து சரணடைந்துவிடும்.

டார்கெட் தொட்டியில் ஒரு பக்கமாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மீன் ஏன் சாஞ்சிருக்கு?"

"மூச்சு உட முடியலீங்க சார்."

"ஏன் முடியல?"

"தண்ணிக்குள்ள காத்து எறங்கல. மேல ஆடை கட்டிக்கினு கீதுங்க."

"ஏன் ஆடை கட்டுச்சு?"

"எண்ணெங்க சார்."

அப்பா எழுதுவதை நிறுத்தித் திரும்பினார். "எண்ணெயா? எண்ணெய் எங்கருந்து வந்துச்சு?"

"கல்லுல இருந்துதாங்க."

"கல்லுல ஏன்யா எண்ணெய் இருக்கு?"

முனிராஜ் அண்ணன் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். விடை தெரிந்த கேள்வியை வாத்தியார் கேட்டுவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"நாமதான சார் போட்டோம்? வாஷிங் முடிஞ்சா நேரா ஆயில் டிப்புங்க. துருத்தடுப்பு எண்ணெ. முக்கி எடுத்து, சொட்டு வடியவுட்டு, அப்பறந்தான் டேக்கு கட்றது. ரூட்டே அதுதானங்க."

"கல்லுக்கு எதுக்குய்யா துருத்தடுப்பு?"

"அத்த நானும் ரோசன பண்ணேங்க சார். வேணாம்னு உட்டுட்லாமான்னுகூட பாத்தேன். ஆனா ஒரு ஸ்டேஷன ஸ்கிப் பண்ணோணும்னா கஸ்டமர் அப்ரூவல் ஓணும்னு நீங்கதான போர்டு மாட்டி வெச்சிக்கிறீங்க? கஸ்டமரு யாரு? இந்த மீனு. இத்த நான் எப்புடிங்க சார் கேக்கறது?"

"கல்லு துருப்பிடிக்குமா தம்பி?" என்றாள் அம்மா.

"இனிமே புடிக்காதுங்க்கா. ஆறு மாசத்துக்கு கியாரண்டி."

அம்மா அதற்குமேல் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. என் கையிலிருந்த வலையைப் பிடுங்கினாள். "நீங்க காரணத்தக் காப்பாத்துங்க. நான் மீனக் காப்பாத்துதேன்" என்று சொல்லிவிட்டு, டிரம்மில் பிடித்துவைத்துத் தெளிந்திருந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள். டார்கெட்டை அள்ளி அதில் விட்டாள். காற்று மோட்டாரின் குழாயைப் பிடுங்கி அண்டாவுக்குள் சொருகினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மொண்டு கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். 'செத்துராத, செத்துராத' என்று அதனிடம் கெஞ்சினேன். நெடுநேரம் கழித்து டார்கெட் நிமிர்ந்தது. வால் ஓரம் கிழிந்திருந்தது. இடது கண் பால் ஊற்றினாற்போல வெளுத்திருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பலகையில், 'உடனடித் தற்காலிக நடவடிக்கை: குழுவினரால் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதினார். அம்மா ஒரு குழு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் ஆய்வு ஒரு சிக்கலான கட்டத்தில் நின்றது. ஐந்து 'ஏன்' முடிந்துவிட்டது. ஆறாவதாக, 'எதுவானாலும் எண்ணெயில் முக்கு என்று ஏன் விதி இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். அந்த விதித் தாளின் அடியில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. ஆறாவது 'ஏன்' கேட்பது ஜப்பானிய முறையில் இல்லை. அப்பா மரபை மீறாதவர். பலகையைப் பாதி அழித்துவிட்டு வேறு பாதையில் நான்கு அம்புக்குறி போட்டார். தொழிற்சாலையில் எந்தப் பழுதும் இந்த நான்கில் ஒன்றால்தான் வருமாம்.

"மெஷின்?"

"கரெக்டா ஓடிச்சிங்க சார்."

"மெத்தட்?"

"அப்ரூவ் பண்ணதுங்க."

"மெட்டீரியல்?"

"டேக் கட்டி ஓகே ஆனதுங்க."

"அப்ப என்ன மிச்சம்?"

"மேன்" என்றார் முனிராஜ் அண்ணன், மிக மெல்லிய குரலில். மேன் என்றால் மனிதன். அவர் தன்னைத்தான் நினைத்தார் என்று முகத்திலேயே தெரிந்தது.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஹரிணி, கல்லத் தொட்டிக்குள்ள வச்சது யாரு?"

"நான்தான். நீங்க வைக்கச் சொன்னீங்க."

"சொன்னத விடு. வச்சது யாரு?"

"நான்."

'மூல காரணம்: இயக்குபவரின் கவனக்குறைவு. நிரந்தரத் தீர்வு: இயக்குபவருக்கு மறுபயிற்சி.' அப்பாவின் கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். 'இயக்குபவர்' நான்.

"ஏங்க, உங்களுக்கே நல்லாருக்கா? புள்ள மேலயா எழுதுவீங்க?" அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"கத்தாத ராஜி. யோசிச்சுப் பாரு. என் பேரு வந்தா பதவி போச்சு. மூட்ட முடிச்சக் கட்டணும். முனிராஜ் பேரு வந்தா அவனுக்கு வேலையே போச்சு. இவ பேரு வந்தா என்ன போகும்? சின்னப்புள்ளன்னு சார் சிரிச்சிட்டுப் போயிருவாரு." பிறகு என் தலையில் கை வைத்தார். "பொய் சொல்லச் சொல்லலியேம்மா. வச்சது நீதான?"

முனிராஜ் அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்.

எனக்கு உடனே மறுபயிற்சி நடந்தது. எண்ணெய் படிந்த பொருளை மீன் தொட்டியில் வைக்கக் கூடாது என்று அப்பா விளக்கினார். வாசம் வந்தால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினார். மேலிடம் சோபாவில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

சாயங்காலம் ராஜேஷ்குமார் சார் வந்தார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவரின் முகம் கறுத்தது.

"என்ன தங்கதுரை இது? கண்ணு ஏன் வெள்ளையா இருக்கு? வால் ஏன் கிழிஞ்சிருக்கு? என் வைஃபுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"சார், ஒரு நிமிஷம்" என்று அப்பா அவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கையில் குச்சி எடுத்துக்கொண்டார். படம் காட்டினார். அம்புக்குறிகளைப் பின்பற்றி ஒவ்வொரு கட்டமாக விளக்கினார். பாதி வழியிலேயே சாரின் முகத்தில் வெளிச்சம் வர ஆரம்பித்தது. மூல காரணத்துக்கு வந்தபோது சிரித்தேவிட்டார். அதற்குப் பிறகு அவர் மீன் பக்கம் திரும்பவே இல்லை.

"பியூட்டிஃபுல் தங்கதுரை! காலைல பிரச்சன, சாயங்காலம் க்ளோஸ்! நம்ம பிரஸ் ஷாப் கங்கப்பன் கேஸுகூட இவ்ளோ நீட்டா வரல. அதுக்கு ஒரு வாரம் இழுத்தீங்க."

"அதுலயும் கடைசில 'மேன்'தானங்க சார்" என்றார் முனிராஜ் அண்ணன். அப்பாவுக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"ஆமாமா. அதுலயும் மேன்தான்."

கங்கப்பன் அண்ணனை எனக்குத் தெரியும். போன வருஷம் பிரஸ் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் போய்விட்டது. இப்போது கம்பெனி கேட்டில் உட்கார்ந்து இடது கையால் வண்டி நம்பர் எழுதுகிறார். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனால் என்னைப் பார்த்து, "சென்னாகிதியா கண்ணு?" என்று கன்னடத்தில் நலம் விசாரிப்பார். அவருக்கு அடிபட்ட அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, "கவனமில்லாம வேல பாத்தா இப்படித்தான்" என்றார். அம்மா உச்சுக் கொட்டினாள். நானும் அதை நம்பினேன். அவருக்கு 'மறுபயிற்சி' கொடுத்ததாகக்கூட அப்பா பெருமையாகச் சொன்னார்.

சார் குனிந்து என் தோளில் தட்டினார். "என்னம்மா ஹரிணி, கல்ல வச்சது நீதானா?"

அப்பா என்னைப் பார்த்தார். முனிராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "உண்மைய ஒத்துக்கிறாள்ல, அதுதான் பெரிய குணம். நல்லா வளத்திருக்கீங்க" என்றார் சார். அப்பாவின் கையைக் குலுக்கி, "நாளைக்குக் காலைல என் கேபினுக்கு வாங்க, நல்ல சேதி இருக்கு" என்றார். இந்த ஆய்வைத் தொழிற்சாலை முழுக்கப் பாடமாக வைக்கப் போகிறார்களாம். முனிராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பைக்கை உதைத்தார்.

தொழிலாளர் தவறு செய்யாத தொழிற்சாலை உலகத்தில் இருக்கலாம். மேலாளர் ஒரு தவறும் செய்யாத தொழிற்சாலை எங்கள் ஓசூரில்தான் இருக்கிறது. அதன் தரத்துக்கு நானே சாட்சி. கல்லை வைத்தது நான்தான், அது உண்மை. மெஷினுக்குள் கையை விட்டது கங்கப்பன் அண்ணன்தான், அதுவும் உண்மைதான். ஆனால் கையை விடச் சொன்னது யார்?